ஜெர்மன் அண்ணை சொல்லாத திதி

பேரின்பநாதன் வீடு எது என்று கேட்டால் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. ஜெர்மன் அண்ணை வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். மனிதர் ஜெர்மனியில் இருந்தது என்னவோ நாலைந்து வருடம்தான். மொன்றியலுக்கு வந்து தலை முழுக்க நரைத்தும் போயிற்று. என்றாலும் அந்தப் பெயர் ஒட்டினது ஒட்டினதுதான். அதற்கு அவரேதான் பொறுப்பு. அவரிடம் வாயைக் கொடுத்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் போய் நிற்பது 1938ஆம் ஆண்டு பெர்லினில். பிள்ளைக்குக் கார்டெரியில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், இடம் கிடைக்கவில்லை என்று அழாக்குறையாக வந்த ஒரு பெண்ணிடம்கூட, "பொறுத்திருந்தா தானாச் சரிவரும் எண்டு நினையாதேங்கோ பிள்ளை, அந்த ஜெனரல்மாரும் அப்பிடித்தான் நினைச்சவை" என்று தொடங்கியவர் அவர்.

நானும் அவரும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் கூடத்தில் ஒரே வரிசையில் நிற்பவர்கள். குளிர் அறை. கையுறை, தலைக்கு வலை, மேலே தடித்த ஜாக்கெட். தட்டு நகர்ந்து வரும். நான் பணிஸ் என்கிற சின்ன ரொட்டி வைப்பேன், அவர் சலாட் கிண்ணம் வைப்பார். அந்தக் குளிருக்குள் நின்றுகொண்டு, ஹிட்லரைப் பிடிக்கப் போய்ப் பிடிக்காமல் திரும்பிய கதையை வருடக்கணக்காகக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கும் என்னைப்போலப் பத்திக்கொண்டு வரும். "அண்ணை, அந்தாளைப் பிடிக்கிறதெண்டால் பிடியுங்கோ, இல்லாட்டி சலாட்டை வையுங்கோ" என்று நான் ஒருநாள் கத்தியதை அங்கே இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்தார். கோபமே வராத மனிதர். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவருடைய வாழ்க்கையில் மற்றவர்களுக்குத் தெரிந்த பகுதி சின்னது. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தவர் எண்பதுகளில் ஒரு சிறிய இயக்கத்துக்குப் போனார். அந்த நாளில் இயக்கங்கள் பல. இவருடையது பெயரைச் சொன்னாலும் இன்றைக்கு ஒருவருக்கும் நினைவு வராத ஒன்று. எண்பத்தாறின் தொடக்கத்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டார். அப்போது எங்கள் சனம் போன வழியிலேயே போய், கிழக்குப் பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் கடந்து அகதியாகப் பதிந்தார். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மாலையில் மொழி வகுப்பு. அந்த வகுப்பு ஆசிரியை ஒருநாள் எல்லோரையும் ஒரு நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹிட்லரை எதிர்த்து நின்ற ஜெர்மன்காரருக்காக வைத்த இடம் அது.

அங்கேதான் பேய் பிடித்தது. 1944இல் ராணுவ அதிகாரிகள் ஹிட்லருக்குக் குண்டு வைத்தது உலகத்துக்கே தெரிந்த கதை. அதற்கு ஆறு வருடம் முதலே, போர் தொடங்க முன்னரே, அதே ராணுவத்துக்குள் சிலர் அவனைப் பிடிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள் என்பது இவருக்கு அன்றுதான் தெரிந்தது. மற்ற மாணவர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். இவர் அந்த விபரம் எழுதியிருந்த சுவருக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தானாம். "அவங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு ஈஸ்வரி. முந்தியே தெரிஞ்சிருக்கு" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரலில் பகிடி இருக்காது. நான் கவனித்தேன், ஆனால் துருவவில்லை. எண்பதுகளைப் பற்றி எங்கள் சனத்தில் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. என்ன பதில் வருமோ என்று எல்லோருக்கும் பயம்.

அவருடைய கதை எனக்கு மனப்பாடம். 1938 கோடையில் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாமேல் பாயத் துடிக்கிறான். ராணுவத் தலைமையகத்தில் பெரிய பதவியில் இருந்த பெக் என்பவர், இந்தப் போர் நாட்டையே அழித்துவிடும் என்று எழுதி எழுதிப் பார்க்கிறார். தளபதிகள் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகுவோம், அவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்கிறார். ஒருவரும் அசையவில்லை. ஓகஸ்டில் அவர் தனியே விலகுகிறார். இதை வெளியில் சொல்லவேண்டாம் என்று ஹிட்லர் கேட்கிறான். அவரும் சரி என்று பேசாமல் இருந்துவிடுகிறார். இந்த இடம் வந்ததும் ஜெர்மன் அண்ணை சலாட் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். "விலகினது பெரிய காரியம் ஈஸ்வரி. விலகிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தது அதைவிடப் பெரிய பிழை" என்பார். அதற்குள் நாலு தட்டு சலாட் இல்லாமல் என்னைத் தாண்டிப் போய்விடும்.

பெக்குக்குப் பின் வந்தவரும், பெர்லின் வட்டாரத்துத் தளபதியும், ராணுவ உளவுத்துறையில் இருந்த ஓஸ்டர் என்ற அதிகாரியும், இன்னும் சிலரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். படையெடுப்புக் கட்டளை வந்த உடனே ஹிட்லரின் அலுவலகத்துக்குள் புகுந்து அவனைப் பிடிப்பது, பெர்லினைக் கையில் எடுப்பது. உள்ளே புகவேண்டிய ஆட்களும் தயார். ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்கவேண்டாம், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம் என்று லண்டனுக்கு ரகசியமாக ஆள் அனுப்பிச் சொல்லியும் ஆயிற்று. கட்டளைக்காகக் காத்திருந்தார்கள். வந்தது கட்டளை அல்ல, சமாதானம். இங்கிலாந்துப் பிரதமரும் மற்றத் தலைவர்களும் மூனிச் நகரத்துக்குப் போய், ஹிட்லர் கேட்ட நிலத்தைக் கேட்டபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போர் இல்லை என்று தெருவெல்லாம் சனம் கூத்தாடியது. ஒரு வெடி வைக்காமல் வென்று வந்தவனை எந்தச் சிப்பாய் பிடிப்பான்? திட்டம் போட்டவர்களில் சிலர் பிறகு பெர்லின் தளபதியின் வீட்டில் கூடி, அந்தக் காகிதங்களைக் கணப்படுப்பில் போட்டு எரித்தார்களாம்.

கதையை அந்த அடுப்படியிலேயே நிறுத்திவிடுவார். அடுத்த வருடம் போர் வந்ததையும், அதே அதிகாரிகளில் பலர் அதே ஹிட்லருக்காகப் படை நடத்திக்கொண்டு போனதையும், கடைசியில் பெக்கும் பெர்லின் தளபதியும் ஓஸ்டரும் அவனுடைய கையாலேயே அழிந்ததையும் நான் வேறு இடத்தில்தான் அறிந்தேன். "ஏன் அண்ணை மிச்சத்தைச் சொல்லுறேல்லை?" என்று கேட்டால், "பேந்து நடந்தது வேற கதை" என்பார். அவர்களை வீரர்களாக்கினால் அதற்கும் விடமாட்டார். "அவை யூதச் சனத்துக்காக எழும்பேல்லை ஈஸ்வரி. தோக்கப்போற சண்டை எண்டபடியாத்தான் கனபேர் எழும்பினவை. தோக்கமாட்டம் எண்டவுடனை இருந்திட்டினம்" என்று தலையை ஆட்டுவார்.

பிரியந்தி எங்கள் கட்டடத்துக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். மகள் தனுஷாதான் ஸ்பொன்சர் செய்து அவளை இங்கே எடுத்தாள். நாலாம் மாடி. எனக்கும் அவளுக்கும் பழக்கம் வந்தது கீழே துணி தோய்க்கும் அறையில். முதல் நாளே ஊர் எது, எந்தப் பகுதி ஆட்கள் என்று விசாரித்தேன். அது எங்கள் வழக்கம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டபோது அவள் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள். "ஒரு அண்ணை இருந்தவர்" என்றாள். "இயக்கத்தில இருந்தவர்." நான் இயக்கத்தின் பெயரைக் கேட்டேன். பெயர் கேட்டதும் அது ஜெர்மன் அண்ணை இருந்த இயக்கம் என்று விளங்கிற்று. ஆனால் அதில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள் என்று பேசாமல் விட்டேன்.

வசீகரன் என்பது அவனுடைய பெயர். எண்பத்தைந்தில் அவனுக்கு இருபத்திரண்டு வயது, இவள் பள்ளிக்கூடத்தில். கார்த்திகை விளக்கீட்டுக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியவன் வரவில்லை. பிறகு ஒரு நாள் இயக்கத்துப் பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்து, உங்கட மகன் எங்களைக் காட்டிக்கொடுத்தவன், தண்டனை கொடுத்தாச்சு என்று வேலிப் படலைக்கு வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனானாம். உடம்பு தரவில்லை. நாள் சொல்லவில்லை. ஊர் இவர்களோடு கதைப்பதைக் குறைத்தது. பிரியந்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை கதை கேட்டுத் திரும்பிப் போனார்கள். தாய் மட்டும் மகன் செத்துவிட்டான் என்பதை நம்பவே இல்லை. அவள் கண்ணை மூடும்வரை அந்த வீட்டில் திவசம் என்ற சொல்லை எடுக்க விடவில்லை.

இப்போது தாயும் இல்லை. அவனுக்குக் காரியம் செய்ய உலகத்தில் மிஞ்சியவள் பிரியந்தி ஒருத்திதான். டொலார்ட் முருகன் கோயிலில் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: என்ன மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ என்ன பக்கம், என்ன திதி? அவளுக்கு ஒன்றும் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் அம்மா, குறையில்லை என்றார் ஐயர். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். இவள் கேட்கவில்லை. "அமாவாசை, ஒருத்தருக்கும் திதி தெரியாத ஆக்களுக்கு அக்கா" என்று என்னிடம் சொன்னாள். "அண்ணையின்ர திதி தெரிஞ்ச ஆக்கள் எங்கயோ இருக்கினம். அவரைச் சாக்கொண்டவைக்குத் தெரியும்தானே. அவை சொல்லட்டும்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

கொஞ்சம் வெளியில் மனிதரைப் பார்க்கட்டும் என்று அவளை எங்கள் வாசிப்பு வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பதினைந்து இருபது பேர் கூடுவோம். என் கணவர் ஜோன்சன்தான் தலைவர். தலைவர் என்றால் தேநீர் போடுகிறவர் என்று அர்த்தம். கார்த்திகை பிறக்கிற நேரம் அது. அன்றைக்குப் பேச வரவேண்டியவர் பனிமழையில் வீதியில் மாட்டிக்கொண்டார். கூட்டம் சும்மா இருக்கக்கூடாது என்று ஜோன்சன் ஜெர்மன் அண்ணையை எழுப்பிவிட்டார். எனக்குத் தலையில் கை வைக்கத் தோன்றிற்று.

அன்றைக்கு அவர் நன்றாகவே பேசினார், அதை மறைக்கக்கூடாது. ராணுவத்தில் சேர்ந்தவன் ஒருவன் தன் தலைவனுக்குச் சத்தியம் செய்துகொடுக்கிறான், அந்தச் சத்தியம் எவ்வளவு தூரம் அவனைக் கட்டும் என்று தொடங்கி, பெக் விலகியது, திட்டம் போட்டது, மூனிச், கணப்படுப்பு என்று வந்து நின்றார். சனம் கை தட்ட ஆயத்தமாயிற்று. அப்போதுதான் கடைசி வரிசையில் இருந்த பிரியந்தி, புது இடம் என்ற கூச்சத்தோடு மெல்லக் கேட்டாள்.

"எல்லாரும் சேர்ந்தோ எரிச்சவை? ஒருத்தர்கூட வேண்டாம் எண்டு சொல்லேல்லையோ?"

அவர் அவளைப் பார்த்தார். அதுவரை அவளை அவர் கண்டதில்லை. பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பிறகு ஏதோ பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"ஒருத்தன் சொன்னவன். எங்களுக்குள்ள ஆக இளையவன். சமாதானம் வந்தாப்போல பிழை சரியாகிடுமோ, உள்ளுக்க அடைச்சு வைச்சிருக்கிற சனத்தை என்ன செய்யப்போறியள் எண்டு கேட்டவன். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. விளக்கீட்டுக்கு அடுத்த நாள் விடியக் காலமை வந்து அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. படலையில வாழைக்குத்தியும் சுட்டியும் அப்பிடியே கிடந்தது."

மண்டபத்தில் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. விளக்கீட்டுக்குப் படலையில் வாழைக்குற்றி நட்டுச் சுட்டி விளக்கு வைப்பது நாங்கள்; ஜெர்மன்காரன் அல்ல. "பெர்லினில வாழைக்குத்தி எந்தக் கடையில அண்ணை எடுத்தவை?" என்று ஜோன்சன் கேட்க, சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. நானும்தான் சிரித்தேன். வயது போகப் போகக் கதைகள் கலந்துபோகும், யாருக்குத்தான் கலக்கவில்லை?

முன் வரிசையில் ஹரிபிரசாத் இருந்தான். தமிழ்நாட்டுப் பையன், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், மரியாதை தெரிந்தவன். "சார், தப்பா நினைக்காதீங்க" என்று எழும்பினான். "அந்த இளைஞர் பேரு என்ன சார்? நான் படிச்ச வரைக்கும் முப்பத்தெட்டுல அந்தக் குழுவுல யாரையும் கைது பண்ணலையே. திட்டமே அப்ப வெளியில தெரியல."

"ஓம் தம்பி" என்றார் பேரின்பநாதன். "நீர் சொல்லுறதுதான் சரி. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்." அதோடு மேடையைவிட்டு இறங்கி, தேநீரும் குடிக்காமல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பிரியந்தி மட்டும் சிரிக்கவில்லை. காரில் வீடு வந்து சேர்ந்தோம். லிப்டுக்குள் நின்றபோதுதான் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அது ஜெர்மன்காரன் இல்லை. அது என்ர அண்ணை" என்றாள். எத்தனை வருடமாக அந்த மனிதர் என் பக்கத்தில் நின்று ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சலாட்டை வையுங்கோ என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வேலையில் இடைவேளை வந்ததும் அவரை ஒரு மூலைக்குக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அந்தப் பிள்ளை வசீகரன்ர தங்கச்சி. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுதானே?"

"முகத்தைப் பாத்த உடனை தெரிஞ்சுது" என்றார். "அதே முகம்."

"அவளுக்குத் திதி வேணும் அண்ணை. வேற ஒண்டும் வேண்டாம். ஒரு திதியைச் சொல்லிவிடுங்கோ."

அவர் கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "திதியைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேணும் ஈஸ்வரி. மற்றதைச் சொன்னா அந்தப் பிள்ளை என்ர முகத்தில முழிக்காது."

"முழிக்காட்டி என்ன? நாப்பது வருசமாக் காட்டிக்குடுத்தவன்ர தங்கச்சி எண்டு தலை குனிஞ்சு இருந்திருக்கிறாள். உங்கட முகம் ஆருக்கு வேணும்?" என் குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அடங்கவில்லை. "பெக் எண்டவர் வாயை மூடிக்கொண்டு இருந்தது பிழை, பிழை எண்டு எனக்கு எத்தினை வருசம் சொன்னனீங்கள்? செத்துப்போன வெள்ளைக்காரனுக்குத்தானோ அந்தக் கணக்கு?"

அவர் வரிசைக்குத் திரும்பிப் போனார். அன்று மிச்ச நேரம் முழுக்கச் சலாட் கிண்ணங்கள் ஒழுங்காக வந்தன. பெர்லின் என்ற பேச்சே எடுக்கவில்லை. நான் கேட்கப்போனது அதிகம்தானோ என்று வீட்டில் யோசித்தேன். பிறகு பிரியந்தி லிப்டுக்குள் என் கையைப் பிடித்தது நினைவில் வந்து, இல்லை, சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விளக்கீடு வந்து போயிற்று. இனிமேல் அவர் வரமாட்டார் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அடுத்து வந்த சனிக்கிழமை காலை பிரியந்தி எனக்குப் போன் அடித்தாள். "அக்கா, அவர் கீழ வந்து நிக்கிறார். நீங்களும் வாங்கோ." தனுஷாவும் கணவனும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் போனபோது அவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் சோபாவின் விளிம்பில் இருந்தார். பிரியந்தி எதிரே நிலத்தில் இருந்தாள். தேநீர் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"நாங்கள் மூண்டு பேர்" என்று தொடங்கினார். இயக்கத்துக்குள்ளேயே ஆட்களை அடைத்துவைத்து அடிக்கத் தொடங்கியிருந்த காலம். கேள்வி கேட்டவன், சந்தேகம் வந்தவன், தலைவனுக்குப் பிடிக்காதவன் எல்லோரும் உள்ளே. தலைவனைப் பிடித்து வைத்துக்கொண்டு அடைபட்டவர்களைத் திறந்துவிடுவது என்று இவர்கள் மூன்று பேரும் முடிவெடுத்தார்கள். ஆமிக்கு எதிரான ஒரு பெரிய தாக்குதலுக்கு எல்லோரும் வெளிக்கிடும் நாளில் அதைச் செய்வதாகத் திட்டம். தாக்குதல் நடக்கவில்லை. எண்பத்தைந்தில் போர்நிறுத்தம் வந்தது, பேச்சுவார்த்தை என்றார்கள். சனம் சந்தோசத்தில் தலைவனுக்கு மாலை போட்டது.

"இப்ப தொட்டால் சனம் எங்களைக் கிழிச்சுப்போடும், பொறுப்பம் எண்டு நானும் மற்றவனும் சொன்னனாங்கள். உங்கட அண்ணைதான் மாட்டன் எண்டவன். அடைச்சு வைச்சிருக்கிறவனுக்குச் சமாதானம் இல்லையே எண்டு கேட்டவன். பேந்து அவன் தனிய நிண்டு நாலு பேரோட கதைக்கத் தொடங்கினான். கதை வெளியில போயிட்டுது."

"எங்க வைச்சுப் பிடிச்சவை?" என்று பிரியந்தி கேட்டாள்.

"எங்கட வீட்டில. என்னோடதான் ஒளிச்சிருந்தவன். அவங்கள் படலையைத் திறந்து வர, உள்ளுக்க வந்தா எல்லாரும் மாட்டுவம் எண்டு தானாகவே வெளியில நடந்து போனவன்."

"அவன் ஆரையாவது காட்டிக்குடுத்தவனோ?"

"இல்லை பிள்ளை. ஒருத்தரையும் இல்லை." அவர் முதல் முறையாக அவளுடைய கண்ணைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பேர் அவங்கள் வைச்சது."

பிரியந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வசனம் அது. நானே அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"திதி?"

"கார்த்திகை மாதம். அபரபக்கம். நவமி."

தேய்பிறையின் ஒன்பதாம் நாள். ஐயர் முன்னால் ஒப்பிப்பதுபோல, தடக்காமல் சொன்னார். எத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் அப்படி வந்திருக்கும். பிரியந்தி தலையாட்டினாள். பிறகு அவள் ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கியதைக் கண்டேன். விளக்கீடு பூரணை. மற்ற நாள் பிரதமை. துதியை, திருதியை, சதுர்த்தி, பஞ்சமி. ஒரு கை முடிந்தது. மற்றக் கையை எடுத்தாள். அவள் வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது.

"இவ்வளவு நாளும் உயிரோடையோ வைச்சிருந்தவை?" என்றாள்.

"ஓம்."

"என்னத்துக்கு?"

"எங்கட பேரைக் கேட்டு." இப்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. "மூண்டாவது ஆளுக்கு அந்தக் காம்பிலதான் காவல் வேலை. அவனை ஒருத்தரும் சந்தேகப்படேல்லை. பின்னேரம் பின்னேரம் வந்து, இண்டைக்கும் சொல்லேல்லை எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போவான். கையில சுடத் துவக்கு இருந்தது, ஆள் இருந்தது. நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. ஓடவும் பயம், ஓடினா எங்களைத்தான் சந்தேகப்படுவாங்கள் எண்டு." ஆறின தேநீரைத் தள்ளி வைத்தார். "அதில்லைப் பிள்ளை நான் சொல்லவந்தது. அவன் வாய் திறக்க முந்திச் செத்துப்போகவேணும் எண்டு நான் பிள்ளையாரைக் கும்பிட்டனான்."

எனக்கு எழும்பி வெளியில் போய்விடலாம் போல இருந்தது. இந்த மனிதரை இங்கே வரச்சொல்லி நச்சரித்தவள் நான்தான். பிரியந்தி அசையவில்லை. விரல் இன்னும் மற்றக் கையில் நவமியிலேயே நின்றது.

"எண்டைக்குக் கும்பிடத் தொடங்கினனீங்கள்?" என்று கேட்டாள்.

"முதல் நாளே."

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போகவும் இல்லை, இருக்கவும் முடியாமல் இருந்தார். திரும்பி வந்தபோது அவளுடைய முகம் கழுவித் துடைத்திருந்தது.

"வாற கிழமை நவமி வருது. ஐயருக்குச் சொல்லப்போறன்" என்றாள். "அண்ணையோட ஒரே சாப்பாட்டுக் கோப்பையில சாப்பிட்டிருப்பியள்தானே. வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. என்னோட மட்டும் கதைக்காதேங்கோ."

நவமியன்று அவர் வந்தார். தனுஷாவின் கணவன் இருந்து காரியம் செய்தான். வசீகரனின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். முதல் தடவையாக ஒரு சுவர் அவனுக்குக் கிடைத்தது. ஐயர் போனபிறகு எல்லோரையும் இருத்தி இலை போட்டார்கள். ஜெர்மன் அண்ணை ஓரத்தில் இருந்தார். அவருக்கு மட்டும் பிரியந்தி தன் கையால் பரிமாறினாள். சோறு, பருப்பு, அவனுக்குப் பிடித்தது என்று காலையிலிருந்து நின்று அவித்த வாழைக்காய்க் கறி. அவர் இலையைத் துடைத்துச் சாப்பிட்டார். அவள் கேட்காமலே திரும்பப் போட்டாள். அதையும் சாப்பிட்டார். மூன்றாவது தரமும் போட்டாள். கையால் இலையை மறைத்தால் போதும், அவள் நிறுத்தியிருப்பாள். அவர் மறைக்கவில்லை. தன்னோடு கதைக்கவேண்டாம் என்று அவள் சொன்னபிறகு, போதும் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள், அவரும் கண்ணீர் இலையில் விழ விழச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.